சாரங்கபாணியின் காதில் விழாத சேதி

"மூக்கு என் மூக்குதான். நெத்தி மட்டும் சம்பந்தியாத்துப் பக்கம்" என்றேன்.

ஏணிமேல் நின்றிருந்த அருள்குமார் குனிந்து பார்த்தான். அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் கம்பி இழுத்துக் கொடுத்தவன் அவன். அன்று காலை பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்ததால் பார்க்க வந்திருந்தான்.

"எந்த மூக்கு சாமி? நான் இங்க எலி எங்க கட்ச்சிக்கீதுன்னு பாத்துக்கினு கீறேன்."

"என் பேத்தி மூக்குடா. காலம்பற பூனாவுல பொறந்திருக்கா. இறங்கி வா, போட்டோ காட்டறேன்."

"வந்த ஒடனே காட்னீங்க. ஏணி போடச்சொல்ல இன்னொரு வாட்டி காட்னீங்க."

அப்படித்தான் இருந்தேன் அன்றைக்கு. கல்யாணங்களில் இலைக்குப் பரிமாறியே தலை நரைத்தவன் நான். படிப்பு ஐந்தாவதோடு நின்றது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ், இரண்டும் எனக்கு அரைகுறை. ஆனால் இன்டர்நெட்டில் மட்டும் நான் திருப்பதிக்கே முன்னோடி என்று ஒரு நினைப்பு. மருமகள் ஸ்ரீவல்லி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த வாரமே கம்பி இழுத்துக்கொண்டேன். பேத்தி வருவதற்குள் கை பழக வேண்டாமா? பழகினேன். விடிந்தால் தாமரைப் படம், பொழுது சாய்ந்தால் விளக்குப் படம் என்று எல்லோருக்கும் அனுப்பினேன். யாரும் பதில் போடவில்லை. ரசிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

எலி கடித்த இடம் கிடைத்து, விளக்கு பச்சையான போது என் மனைவி குமுதவல்லி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, குழந்தை போட்டோவை யார் யாருக்கு அனுப்பிச்சேள்?"

"எல்லாருக்கும்தான். குடும்ப குரூப்புல போட்டாச்சு. பூக்காரி ஜெயம்மாவுக்குக் கூட அனுப்பிச்சேன்."

"நாளைக்கு என்ன நாள், தெரியுமோ?"

"குழந்தைக்கு ரெண்டாம் நாள்."

"நாளைக்குக் கருட சேவை. இந்த வருஷம் குடை யாரோடது?"

போனைக் கவிழ்த்து வைத்தேன். குடை சாரங்கபாணியுடையது.

சாரங்கபாணி என் சித்தப்பா பிள்ளை. என்னைவிட இளையவன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அடுத்த தெருவில் தானே பொங்கித் தின்றுகொண்டு ஒரு அறையில் இருக்கிறான். வயசெல்லாம் சித்தூர் ரோட்டு பஸ்ஸில் கண்டக்டராகப் போனது. எங்கள் தெருக்கோடிப் பெருமாள் கோவிலில் கருட சேவையன்று குடை பிடிப்பது நாலு வீட்டுக்காரர்களின் முறை. எங்கள் வீட்டு முறை நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வரும். எனக்குத் தோள்பட்டை சரியில்லை, அதனால் அது அவனுக்கு என்று எங்கள் பெரியவர்கள் இருக்கும்போதே முடிவாகிவிட்டது. மனிதனுக்கு வேறு ஆசையே கிடையாது. நல்ல சட்டை கேட்டதில்லை, நல்ல சாப்பாடு கேட்டதில்லை. அந்த ஒரு ராத்திரிக்காக நாலு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பான்.

ஆனால் எங்களுக்குள் தாயாதி, அதாவது பங்காளி, வீட்டில் குழந்தை பிறந்தால் பத்து நாள் தீட்டு. கோவிலுக்குள் கால் வைக்கக் கூடாது, குடையைத் தொடக் கூடாது. ஒரு சலுகை உண்டு. காதில் விழுந்தால்தான் தீட்டு. பத்து நாள் கழித்து விழுந்தால் ஒன்றுமே இல்லை. நடுவில் விழுந்தால் மிச்ச நாள் மட்டும்.

கார்டு எழுதிய காலத்தில் இது யாருக்கும் தொந்தரவாக இல்லை. மதராசில் ஒரு தாயாதிக்குப் பிள்ளை பிறந்தால், கார்டு வந்து சேருவதற்குள் அங்கே தீட்டுக் கழிக்கிற புண்ணியாகவாசனமே முடிந்திருக்கும். படித்துவிட்டு, "பேஷ்" என்று கார்டைக் கம்பியில் குத்திவிட்டுக் கோவிலுக்குப் போய்விடுவார்கள். அப்புறம் தெருவுக்கு ஒரு போன் வந்தது. அப்புறம் வீட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. இப்போது போன் என்றால் பேசுவதற்கே இல்லை என்றாகிவிட்டது.

சாரங்கபாணி இதையெல்லாம் பஸ்ஸில் நின்றபடியே பார்த்தவன். "மொதல்ல ஜனங்க பக்கத்து சீட்டோட பேசிண்டு வந்தா. அப்புறம் போன்ல கத்திப் பேசிண்டு வந்தா. இப்போ காதுல ஒண்ணைச் சொருகிண்டு சும்மா வரா. நான் 'புத்தலப்பட்டு, புத்தலப்பட்டு'ன்னு தொண்டை கிழியக் கத்தறேன். சித்தூர் பஸ் ஸ்டாண்டு வந்ததும் முழிச்சுண்டு, 'ஏமய்யா, செப்பலேதே', சொல்லவே இல்லையேன்னு என்னைத் திட்டறா" என்பான்.

அந்த பஸ்ஸில்தான் அவனுக்கு முதல் அடி விழுந்தது. குடை பிடிக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள், தூரத்து உறவுக்காரன் ஒருவன் ஏறினான். டிக்கெட் வாங்காமல் போனை நீட்டினான். "அண்ணா, இதைப் பாருங்கோ. ஹூஸ்டன்ல நம்ம வரதனுக்குப் புள்ளை!" வரதன் யார் என்றே சாரங்கபாணிக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் தாயாதி. அந்த வருஷம் குடையை வேறு வீட்டார் பிடித்தார்கள். இவன் கோவிலுக்கு வெளியே, எதிர்க்கடை வாசலில் நின்று பார்த்தான். அடுத்த முறை வந்தபோது உற்சவமே நடக்கவில்லை, ஊரெல்லாம் முகமூடி போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. ஆக, கடைசியாகக் குடை பிடித்துப் பன்னிரண்டு வருஷம் கை காய்ந்து போயிருந்தது.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரு வழக்கம். யாராவது போனை முகத்துக்கு நேராக நீட்டினால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். கண்டக்டர் வேலையில் இதை வைத்துக்கொண்டு எவ்வளவு கஷ்டம் பாருங்கள். டிக்கெட்டை போனில் எடுத்துவிட்டுக் காட்டுகிறவர்கள் எல்லாம் இவனுக்கு ஏதோ வலிப்பு என்று பயந்தார்கள். ரிட்டையர் ஆன மறுநாளே பட்டன் போனையும் யாருக்கோ கொடுத்துவிட்டான். வீட்டு வீடாக யாரிடம் இன்டர்நெட் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போன வருஷம் ஒரு பெண் வந்தாள். எங்கள் இரண்டு தெருவிலும் இல்லாதது சாரங்கபாணியிடமும் தபால் பெட்டியிடமும்தான் என்று நான் சொன்னேன். அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

அப்பேர்ப்பட்டவன் கை குடையைத் தொட ஒரு நாள் இருக்கும்போது, அவனுடைய அண்ணனாகிய நான், ஊர் முழுக்க மூக்கு போட்டோ அனுப்பியிருந்தேன்.

"அனுப்பினதை அழிச்சுடலாம்" என்று குமுதவல்லியிடம் தைரியமாகச் சொன்னேன். கை பழகியவன் அல்லவா? குடும்ப குரூப்பைத் திறந்தேன், போட்டோவை அழுத்திப் பிடித்தேன், ஏதேதோ கேட்டது, மேலே இருந்ததை அழுத்தினேன். போட்டோ போய்விட்டது. "பாத்தியோ?" என்றேன்.

அருள்குமார் என் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தான். முகம் மாறியது.

"சாமி, 'எனக்கு மட்டும்'னு கீறதை அமுக்கிட்டீங்க. ஒங்க போன்லதான் போச்சு. ஊர்ல எல்லார் போன்லயும் அப்டியே கீது. இனிமே ஒங்களால அழிக்க முடியாது. ஒங்களுக்குத்தான் அது தெரியாதே!"

ஆக, உலகத்தில் அந்தச் சேதி தெரியாத போன் இரண்டே இரண்டு. என்னுடையது ஒன்று, சாரங்கபாணி வைத்துக்கொள்ளாதது இன்னொன்று.

எங்கள் வீட்டுப் புரோகிதர் வாத்தியாருக்குப் போன் போட்டேன்.

"அவன் காதுல விழலைன்னா அவனுக்குத் தீட்டு இல்லை. ஒனக்கு உண்டு. நீ அவன் பக்கமே போகாதே" என்றார்.

"தெரிஞ்சுண்டே சொல்லாம இருந்தா பாவம் இல்லையோ?"

"அது கிடக்கட்டும். நீ சொல்லாம இருப்பியா? எனக்கு அதுதான் சந்தேகம்."

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "சாரங்கன் கிட்ட மூச்சு விடாதேள்" என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதிப் பேர் குரூப்பையே பார்ப்பதில்லையாம். "எதைச் சொல்லக் கூடாது?" என்று கேட்டார்கள். "பேத்தி பொறந்ததை" என்றேன். "அடடே, பேத்தியா! எப்போ?" என்றார்கள். மூக்கு பற்றியும் சொன்னேன். என் தாமரைப் படங்களை யாருமே பார்த்ததில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மத்தியானத்துக்குள், வாயை மூடச் சொல்லிப் புறப்பட்ட நான் தெரியாதவர்களுக்கெல்லாம் தெரிவித்து முடித்திருந்தேன்.

பூக்காரி ஜெயம்மா நகரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கோவில் வாசலில் பூக்கூடை போடுகிறவள். அவளைக் கூப்பிட்டால் அவள் என்னை முந்திக்கொண்டாள்.

"சாமி, கொழந்தை லட்சுமி மாரி கீது! என் ஸ்டேட்டஸ்ல வச்சிகீறேன். கோயில்ல எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க."

"ஐயோ, எடும்மா! சாரங்கன் அந்தப் பக்கம் வருவானே."

விவரம் சொன்னேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டது போனிலேயே கேட்டது. "அந்தக் கண்ணை மூடிக்கிற ஐயரா? நான் பாத்துக்கிறேன் சாமி. எவனாச்சும் வாயைத் தெறந்தா கூடையாலயே போடறேன்."

அன்று சாயங்காலம் சாரங்கபாணியே வந்துவிட்டான். வாசல் கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். சவரம் செய்த முகம், வெளுத்த வேஷ்டி. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன் மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

"அண்ணா, நாளைக்கு நீ வந்து பக்கத்துல நிக்கணும். பன்னெண்டு வருஷம் ஆச்சு. கை நடுங்கினா யாராவது நம்மாத்து மனுஷா இருக்கணும்."

நான் கூடத்துக் கோடியில் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். "எனக்கு வயிறு சரியில்லைடா."

"கார்த்தால தெரு முனையில நின்னு சிரிச்சுண்டிருந்தியாமே?"

"சிரிச்சதுலதான் சரியில்லாம போச்சு."

என் வாய்க்கு அதுதான் வந்தது. அவன் கிரில் கம்பியை விரலால் சுரண்டினான். "ஊர்லயே இன்னிக்கு எல்லாரும் ஒரு மாதிரி இருக்கா. என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திண்டு போறா. நான் பிடிச்சா குடை சாஞ்சுடும்னு பேசிக்கறாளா?"

"சேச்சே."

"நீயும் அப்படித்தான் நினைக்கறயா? சொல்லிடு. வேற யாரையாவது பிடிக்கச் சொல்றேன்."

அப்போது நான் பட்ட பாடு எந்த எதிரிக்கும் வேண்டாம். என் வாயில் ஊரிலேயே சந்தோஷமான சேதி இருக்கிறது. சொன்னால் அவன் முகம் மலரும். இவன் தோளில் ஏறித்தானே என் பிள்ளை வேங்கடேஷ் அலிபிரி வரைக்கும் போய்ப் படி ஏறுகிறவர்களை வேடிக்கை பார்த்து வளர்ந்தான்! அவனுக்குப் பெண் பிறந்திருக்கிறது. சொன்னால் அடுத்த நொடி இவன் கை குடைக்கு ஆகாது. சொல்லாவிட்டால் அண்ணனே நம்பவில்லை என்று தானாகவே விட்டுவிடுவான் போலிருந்தது.

குமுதவல்லி உள்ளே இருந்து வந்தாள். என்னைப் போல் சுவரைப் பிடித்துக்கொள்ளவில்லை. "சாரங்கா, உங்க அண்ணா கெடக்கார். நாளைக்கு நீ குடை பிடிக்கலைன்னா நானே வந்து பிடிப்பேன், ஊர் சிரிக்கும். போய்ச் சீக்கிரம் தூங்கு" என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். போகும்போது மட்டும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஊரே கோவிலில் இருந்தது. நாங்கள் இருவரும் வீட்டில். ஜெயம்மா நல்லவள். "சாமி, நான் வீடியோல காட்றேன், நீங்க ஊட்லயே பாருங்க" என்று கூப்பிட்டாள். நாற்காலியை வை-பை பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கிட்டே உட்கார்ந்தால் படம் தெளிவாக வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தது.

மேளச் சத்தம், கற்பூரம், தலைகள். பிறகு கருடன்மேல் பெருமாள். பக்கத்தில் வெள்ளைக் குடை. குடைக்குக் கீழே சாரங்கபாணி, கழுத்து நரம்பு புடைக்க நின்றிருந்தான். காற்று வந்து குடை ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் காலை அகட்டிக்கொண்டு நிமிர்த்தினான். அது நிமிர்ந்தது. "பாத்தியா, என் தம்பி பாத்தியா!" என்று கத்தினேன்.

என் குரல் ஜெயம்மா போனில் கேட்டிருக்கிறது. அவளுக்கும் ஒரே சந்தோஷம். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவனிடமே போய்விட்டாள். "ஐயரே, ஒங்க அண்ணன் ஊட்லருந்து பாத்துக்கினு கீறாரு! பேசு, பேசு!" என்று போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

அவன் வழக்கப்படி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். ஆனால் இரண்டு கையும் குடைக்காம்பில். காதைப் பொத்த மூன்றாவது கை இல்லை.

கண்ணை மூடிய அந்த முகம் என் கைக்குள் இருந்தது. வேர்வை, திருமண், பல்லைக் கடித்திருந்த தாடை. "அண்ணா?" என்றான். பன்னிரண்டு வருஷத்துச் சந்தோஷம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. வாய் தானாகத் திறந்தது. "சாரங்கா, நான் தாத்..." என்று வந்துவிட்டது.

சட்டென்று குனிந்து வை-பை பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். விளக்கெல்லாம் அணைந்தது. படம் அப்படியே உறைந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். பேத்திக்காக இழுத்த கம்பியைப் பேத்திக்காகவே பிடுங்கியாயிற்று என்று குமுதவல்லியிடம் சொல்லத் திரும்பினேன்.

"என்ன சொன்னே அண்ணா?" என்றது போன்.

படம் அசைந்தது. வை-பை போனால் போனுக்குள் இருக்கிற மொபைல் டேட்டா தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? இரண்டுக்கும் ஆசை ஆசையாக ஏற்பாடு பண்ணினவன் நான்தான். எந்த பட்டனை அமுக்கினால் நிற்கும் என்று பதற்றத்தில் தெரியவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். அரிசி டிரம்மைத் திறந்து, முழங்கை வரைக்கும் விட்டுப் போனைப் புதைத்து, மூடியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

டிரம்முக்குள்ளிருந்து மேளச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் ஜெயம்மாவே வைத்துவிட்டாள் போலிருக்கிறது.

குமுதவல்லி வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாள். "என்ன சொல்லிண்டிருந்தேள் அவன்கிட்ட?"

"'தாத்' வரைக்கும் சொன்னேன்."

"மிச்சத்தை அரிசிக்குச் சொன்னேளா?"

புறப்பாடு முடிந்து மேளம் நிற்கிற வரைக்கும் நான் இறங்கவில்லை. ஜெயம்மா அப்புறம் போன் பண்ணினாள். கடைசி வரைக்கும் குடை அவன் கையில்தான் இருந்ததாம். பெருமாளை உள்ளே எழுந்தருளப் பண்ணினதும் அப்படியே மண்டபத்தில் உட்கார்ந்து அழுதானாம். "அண்ணன் என்னமோ சொல்ல வந்தாரு, கேக்காம போச்சு" என்று அவளிடம் வருத்தப்பட்டானாம்.

அதற்கடுத்த நாள் விடிந்ததும் விடியாததுமாக அவன் தெருவுக்குப் போனேன். வாசலுக்கு எதிரே, தள்ளி நின்றுகொண்டேன். அவன் காபி டம்ளரோடு வெளியே வந்தான். தோளில் தைலம் மணத்தது. என்னைப் பார்த்ததும், "வயிறு தேவலையா?" என்றான். குரலில் கோபம் இருந்தது.

"சாரங்கா, நான் தாத்தா ஆயிட்டேன்டா! நீயும்தான். வேங்கடேஷுக்குப் பொண் கொழந்தை!"

டம்ளரைப் படியில் வைத்தான். "எப்போ?"

"முந்தாநாள் காலம்பற."

"ஊருக்கே தெரியுமா?"

"நான்தான் சொன்னேன்."

"எனக்கு மட்டும் சொல்லாம இருந்தியா? நீயா? ரெண்டு நாளா?"

"ரெண்டு நாள்டா. வாத்தியாரே நம்பலை."

அவன் படியிறங்கினான். சேதி காதில் விழுந்தால் குளிக்க வேண்டும், அது முறை. வாசல் குழாயடியில் உட்கார்ந்து கட்டின வேஷ்டியோடு தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டான். விட்டுக்கொண்டே இருந்தான். தண்ணீருக்குள் சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை, நானும் அந்த நிலைமையில் இல்லை. சொட்டச் சொட்ட எழுந்து என்னிடம் வந்தான். இனி தள்ளி நிற்க வேண்டாம், இரண்டு பேருக்கும் ஒரே தீட்டு. நான் போனை எடுத்து, வேங்கடேஷ் அனுப்பியிருந்த படத்தைத் திறந்தேன். போன் இடுக்கில் ஒரு அரிசி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வழக்கத்தில் கண்ணை மூடப் போனவன், மூடவில்லை. பேத்தியை வெகு நேரம் பார்த்தான். மூக்கைப் பற்றி நானும் சொல்லி வைத்தேன்.

"மிச்ச நாளும் கோவிலுக்குள்ள போக முடியாது, வேற வேலையும் இல்லை" என்றான். "அந்த அருள்குமாரை வரச் சொல்லு அண்ணா, எனக்கும் ஒரு கம்பி இழுக்கட்டும். இவளை உக்காந்து பாக்கணும். ஆனா பதினோராம் நாள் காலம்பறயே வந்து கழட்டிண்டு போயிடணும், அதையும் இப்பவே சொல்லிடு."